கலாசாலைப் பாடத்தில் நடுவிடம் யாருக்கு?

தோற்றுவாய்

கல்வியின் இன்றியமையாமையை நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்ப்பித்தல், வறியோர்க்குச் சம்பளம் கட்டுதல், வெளியூரிலிருந்து வருவோர்க்கு விடுதியும் உணவும் அமைத்தல் முதலிய அறங்களை நம்முடையது போன்ற சங்கங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகின்றன. ஆயினும், பிள்ளை சர்வகலாசாலையிற் புகுந்த பின்னர் ஆங்கு எந்நூல்கள் கற்பிக்கப்படுகின்றன, அவற்றைத் தெரிந்தெடுத்தவர் யாவர், எவருடைய வாழ்வு அவற்றில் இடம்பெற்றது, எவருடைய வாழ்வு விடுபட்டது என்று வினவுவோர் நம்முள் மிகச் சிலரே. இடம் கிடைத்ததா, தேறினானா, உத்தியோகம் வந்ததா என்னும் மூன்று கேள்விகளோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது.

அண்மைக் காலத்தில் நம்மவரிற் சிலர் இவ்விஷயத்தில் ஊக்கங்கொண்டு, நம் குலத்துப் பெரியோர் சரித்திரமும் பாடப் புத்தகத்தில் ஏறவேண்டுமென்று பேசி வருகின்றனர். அவர்தம் ஊக்கம் பாராட்டத்தக்கதே. ஆனால் பாடநூல் வரிசையை எல்லார்க்கும் உரியதாக்குவது எவ்வாறு என்னும் வினாவுக்கு அது முழு விடையாகுமா என்பதை நாம் நிதானமாக ஆராய்தல் வேண்டும். அதற்குத் துணையாக, ஆப்பிரிக்கா கண்டத்திலே கென்யா நாட்டின் தலைநகராகிய நைரோபியில் 1968-ஆம் ஆண்டிலே நிகழ்ந்த ஒரு கல்விச் சீர்திருத்தத்தின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம். நமக்கும் அந்நகரத்துக் கலாசாலைக்கும் என்ன உறவு என்று ஐயுறும் அன்பர்கள், உறவு உண்டென்பதை விரைவிற் காண்பார்கள்.

நைரோபிக் கலாசாலையின் பிறப்பு

கென்யா நாடு ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்து 1963-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 12-ஆம் நாள் விடுதலை பெற்றது. அதற்கு முன்னரே, 1951-ஆம் ஆண்டில் அரச சாசனம் பெற்று, கிழக்கு ஆப்பிரிக்க அரச தொழிற்கலாசாலை என்னும் பெயரால் நைரோபியில் ஒரு கல்வி நிலையம் எழும்பிற்று. அக்காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாணிகமும் தொழிலும் செய்துவந்த இந்தியர்கள், மகாத்மா காந்தியின் நினைவாக அங்கே ஒரு கலாசாலை காண வேண்டுமென்று தங்களுக்குள் நிதி திரட்டியிருந்தனர். இரண்டு கலாசாலைகளைத் தனித்தனியே நடத்துவதினும் ஒன்றாய் நடத்துதல் நலமென்று உணர்ந்து, காந்தி நினைவுக் கழகத்தார் தம் நிதியோடு அத்தொழிற்கலாசாலையிற் கலந்துகொண்டனர். 1956-ஆம் ஆண்டில் மாணவர் சேர்க்கை தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே, அந்நாளில் இந்தியாவின் உபஜனாதிபதியாயிருந்தவரும், நம் திருத்தணியிற் பிறந்து சென்னையிற் பயின்றவருமாகிய டாக்டர் ராதாகிருஷ்ணன் அங்குச் சென்று காந்தியடிகளின் திருவுருவச் சிலையைத் திறந்துவைத்தார். ஒரு சமூகத்தார் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள் எவ்வளவு பெரிய மரமாய் வளரக்கூடும் என்பதற்கு அக்கலாசாலையே சான்று.

1961-ஆம் ஆண்டில் அது நைரோபி அரச கலாசாலையென்று பெயர் மாறி, லண்டன் சர்வகலாசாலையோடு தனித்தொடர்பு பூண்டு, அதன் பட்டத்துக்கு மாணவரைப் பயிற்றிற்று. விடுதலையின் பின்னர்க் கிழக்கு ஆப்பிரிக்கச் சர்வகலாசாலையின் ஓர் அங்கமாய் விளங்கி, 1970-ஆம் ஆண்டில் நைரோபிச் சர்வகலாசாலை எனத் தனியுரிமை பெற்றது.

லண்டன் சர்வகலாசாலையென்ற அளவில் நம் நினைவு சென்னைக்குத் திரும்புகின்றது. 1857-ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்ட சென்னைச் சர்வகலாசாலையும் அந்த லண்டன் மாதிரியைப் பார்த்து அமைத்ததே. ஆகவே நைரோபிக் கலாசாலையும் சென்னைக் கலாசாலையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்னலாம். மூத்த பிள்ளைக்கு வாய்த்த படிப்பே ஒரு நூற்றாண்டு கழித்து இளைய பிள்ளைக்கும் வாய்த்தது.

படிப்பின் தன்மை

அப்படிப்பு எத்தகையது? 1835-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 2-ஆம் நாள் மெக்காலே பிரபு எழுதிய கல்விக் குறிப்பை நம்மவர் அறிவர். நல்லதோர் ஐரோப்பியப் புத்தகசாலையின் ஓர் அலமாரித் தட்டுக்கு இந்தியாவும் அரேபியாவும் ஈந்த இலக்கியம் முழுவதும் ஈடாகாதென்பது அவர் துணிபு. வடமொழியும் அரபும் தாம் அறியாரென்பதையும் அதே குறிப்பில் அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அறியாத ஒன்றை அளந்து விலை கூறிய அந்த அளவுகோலே பின்னர்ப் பாடத்திட்டமாயிற்று.

ஈண்டு வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. ஆங்கில இலக்கியத்தைப் பட்டப்படிப்புக்குரிய தனிப்பாடமாக ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை ஏற்றது 1894-ஆம் ஆண்டில். கேம்பிரிட்ஜ் ஏற்றது 1917-ஆம் ஆண்டில். இந்தியப் பள்ளிகளிலோ அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே ஷேக்ஸ்பியரும் மில்டனும் மாணவர்க்கு விதிக்கப்பட்டிருந்தனர். ஆங்கில இலக்கியம் என்னும் பாடம் உருப்பெற்றதில் இந்திய ஆட்சியின் தேவைகளுக்குப் பெரும்பங்கு உண்டென்பதைக் கௌரி விசுவநாதன் என்னும் பேராசிரியை 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். குடிகளின் மனத்தைப் பண்படுத்தி ஆட்சிக்கு இணக்குதற்கு இலக்கியமும் ஒரு கருவியாயிற்று என்பது அவர் ஆராய்ச்சியின் சாரம்.

கென்யாவிலும் இதுவே நடந்தது. 1938-ஆம் ஆண்டில் லிமுரு என்னும் ஊரையடுத்துப் பிறந்து, கிக்குயு மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு சிறுவன், பிற்காலத்தில் கூகி வா தியாங்கோ எனப் புகழ்பெற்றான். இரவு நேரங்களில் அடுப்பைச் சுற்றியமர்ந்து பெரியோர் சொல்லும் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் அவன். பள்ளியிலே தாய்மொழி பேசிய பிள்ளைக்குப் பிரம்படி கிடைத்தது. கழுத்திலே இழிவுக்குறியான தகடும் தொங்கவிடப்பட்டது. பேசினவரைக் கண்டுபிடித்தற்கு ஒரு சிறு வில்லையைப் பிள்ளைகளிடம் கொடுத்து, தாய்மொழி பேசுவோன் கையில் அதை ஒப்புவிக்கச் செய்வர். மாலையில் வில்லை வைத்திருப்பவன் தனக்குத் தந்தவனைக் காட்டுவான், அவன் தனக்கு முன்னவனைக் காட்டுவான். இங்ஙனம் தன் இனத்தானைத் தானே காட்டிக்கொடுக்கும் பழக்கம் பாடத்தோடு பாடமாகப் பயிற்றப்பட்டது. மற்றப் பாடங்கள் அனைத்திலும் சிறந்து நின்றவனும் ஆங்கிலத்தில் தவறினால் தேர்வு முழுவதிலும் தவறியவனே ஆவான்.

இப்படித் தேறி மேலே வந்தவர்களுக்குக் கலாசாலையில் வைக்கப்பட்ட நூல்வரிசையோ சாசர் முதலாக எலியட் ஈறாக உள்ள ஆங்கிலப் புலவர்களின் வரிசை. கென்யாவின் மலையும் ஆறும் மக்களும் அதில் இல்லை. தன் வீட்டுச் சாளரத்தின் வழியே காணும் உலகம் இலக்கியத்துக்கு உரியதன்று என்னும் எண்ணம், யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே மாணவன் உள்ளத்தில் ஊன்றியது.

மகரேரே மகாநாடு

விடுதலைக்குச் சற்று முன்னர், 1962-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், உகாண்டாவின் மகரேரேக் கலாசாலையிலே ஆப்பிரிக்க எழுத்தாளர் மகாநாடு ஒன்று கூடிற்று. ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கே அதில் இடம். மாணவனாயிருந்த கூகி, ஆங்கிலத்தில் சில சிறுகதைகள் வெளியிட்டிருந்த காரணத்தால் அழைக்கப்பட்டான். ஸ்வாஹிலி மொழியிலே பல செய்யுள் நூல்களும் உரைநடை நூல்களும் இயற்றி, கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதும் போற்றப்பட்ட பெரும்புலவர் ஷாபான் ராபர்ட்டுக்கு அம்மகாநாட்டிற் புகும் தகுதியில்லை. என்னை? அவர் தம் நாட்டு மொழியில் எழுதியவர். அம்மாதத்திலேயே அப்புலவர் காலமானார். இந்த முரண்பாட்டைக் கூகி பின்னர் நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார். அநீதியைச் செய்தவன் மாத்திரமன்றி அனுபவித்தவனும் அதனை இயல்பென்று கொள்ளும்படி செய்வதே இத்தகைய கல்வியின் பெருந்தீமை.

மூவர் விஞ்ஞாபனம்

1968-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 20-ஆம் நாள் நைரோபிக் கலாசாலையின் கலைப்பிரிவுச் சபை கூடியபோது, ஆங்கில இலாகாவின் தற்காலிகத் தலைவர் ஒரு யோசனைப் பத்திரத்தைச் சபைமுன் வைத்தார். இலாகாவின் வளர்ச்சி, பிரெஞ்சு முதலிய மொழிகளின் இடம், ஸ்வாஹிலி முதலிய ஆப்பிரிக்க மொழிகளின் இடம் ஆகியவற்றைப் பற்றியது அப்பத்திரம். ஆங்கில இலக்கியம் நடுவில் இருப்பது தொடரும். பிறவற்றை அதனோடு எங்ஙனம் பொருத்தலாம் என்பதே அதன் போக்கு.

இதற்கு மறுமொழியாக அக்டோபர் மாதம் 24-ஆம் நாள் மூன்று ஆசிரியர்கள் கையொப்பமிட்டு ஒரு விஞ்ஞாபனம் எழுதினர். அவருள் ஒருவர், அந்நாளில் ஜேம்ஸ் கூகி என்று வழங்கப்பட்ட கூகி வா தியாங்கோ. மற்றொருவர் ஹென்றி ஒவோர் அன்யும்பா, லுவோ இனத்தவர், நாட்டுப் பாடல்களிலும் இசையிலும் வல்லவர். மூன்றாமவர் தபான் லோ லியோங். தெற்குச் சூடான் வழியினர். உகாண்டாவில் வளர்ந்து அமெரிக்காவிற் கற்றுத் திரும்பியவர். ‘ஆங்கில இலாகாவை ஒழித்தல் குறித்து’ என்பது அவ்விஞ்ஞாபனத்தின் தலைப்பு. தலைப்பைக் கேட்டமாத்திரத்தில் இஃது ஆங்கிலத்தின்மேல் கொண்ட வெறுப்பென்று பலரும் கருதியிருத்தல் கூடும். உள்ளே எழுதப்பட்டிருந்ததோ வேறு.

ஒரு நாட்டின் சர்வகலாசாலை அந்நாட்டையே நடுவிடமாகக் கொள்ளவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. கென்யா, அதனைச் சூழ்ந்த கிழக்கு ஆப்பிரிக்கா, பின்னர் ஆப்பிரிக்கா முழுவதும், அதன்பின் கடல்கடந்து வாழும் ஆப்பிரிக்க வழியினரின் இலக்கியம், அதன்பின் ஐரோப்பா முதலிய பிற உலகங்கள் என்று, குளத்திலிட்ட கல்லைச் சூழ்ந்து வட்டங்கள் விரிவது போலப் படிப்பு விரியவேண்டும். ஒரே பண்பாட்டின் தொடர்ச்சியைக் கற்பது மாணவர்க்கு நன்றெனின், அப்பண்பாடு ஆப்பிரிக்கருடையதாக ஏன் இருத்தலாகாது என்று அவர்கள் வினவினர். மேனாட்டு இலக்கியத்தைத் தாம் விலக்கவில்லையென்றும், எங்கிருந்து புறப்பட்டு எத்திசை நோக்கிச் செல்வது என்பதையே தெளிவுபடுத்துகின்றோமென்றும் அவர்கள் கூறினர்.

இவ்விஞ்ஞாபனத்தின் உயிர்நிலை வாய்மொழி இலக்கியத்தைப் பற்றிய பகுதியாகும். எழுத்தில் ஏறியதே இலக்கியம் என்னும் கருத்தை அவர்கள் ஏற்கவில்லை. கதை, பழமொழி, விடுகதை, சடங்குப் பாட்டு ஆகியவை பழங்காலத்து மிச்சங்களாக அல்லாமல், அன்றாடம் புதிது புதிதாகப் பிறந்து உயிரோடு இயங்கும் கலை என்றனர். அக்கலையிலே பாட்டையும் கூத்தையும் கதையையும் வேலியிட்டுப் பிரித்தல் இயலாது. சொல்வோன் முகத்தையும் கேட்போர் மறுமொழியையும் நீக்கிவிட்டு ஏட்டில் மாத்திரம் அதனைப் படித்தல் போதாது. ஆதலின் மாணவர் கிராமங்களுக்குச் சென்று கேட்டுத் தொகுத்தலும், நடித்தும் பாடியும் காட்டுதலும் படிப்பின் பகுதியாக வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

ஆட்சேபங்களும் சமாதானங்களும்

இத்தகைய மாற்றம் எந்நாட்டில் தொடங்கினும் மூன்று ஆட்சேபங்கள் எழுவது இயல்பு.

முதலாவது, தரம் குன்றும் என்பது. சிறந்த நூலை நீக்கிச் சிறவாத நூலை, சொந்த நாட்டு நூலென்ற ஒரே காரணத்தால் வைக்கலாமா என்று கேட்பர். கேள்வி நியாயமானது. ஆனால் தரத்தை அளக்கும் கோல் எங்கே செய்யப்பட்டது என்பதையும் உடன் கேட்டல் வேண்டும். வாய்மொழிக் கதையை அச்சு நூலின் கோலால் அளந்தால் குறையாகவே தோன்றும். அதற்குரிய கோலைக் கற்றுக்கொள்வதும் சர்வகலாசாலையின் கடமையேயாகும்.

இரண்டாவது, கற்பித்தற்கு நூல்கள் எங்கே என்பது. இதில் உண்மை இல்லாமற் போகவில்லை. விஞ்ஞாபனத்திற் கையொப்பமிட்ட தபான் லோ லியோங் என்பவரே, கிழக்கு ஆப்பிரிக்கா இலக்கிய வறட்சியுற்றுக் கிடக்கிறதே என்று 1965-ஆம் ஆண்டில் மனம் நொந்து எழுதியிருந்தார். நூல் இல்லையேல் நூல் உண்டாக்குவோம் என்பதே அவர்கள் கண்ட வழி. அவர் தம் மாணவர்களைத் தத்தம் ஊர்களுக்கு அனுப்பிக் கதைகளையும் பாடல்களையும் திரட்டச் செய்து, 1972-ஆம் ஆண்டில் அவற்றை நூலாக்கினார். நேற்றுவரை பாட்டியிடம் கேட்டு மறந்த கதை இன்று பாடநூலாயிற்று. அதனைத் தொகுத்த மாணவனே அந்நூலின் ஆசிரியருள் ஒருவன் ஆயினான்.

மூன்றாவது, உலக அறிவு சுருங்கிவிடும் என்பது. நைரோபியில் உலகம் சுருங்கவில்லை, விரிந்தது. முன்னர் இங்கிலாந்து என்னும் ஒரு தீவின் இலக்கியமே கற்றனர். மாற்றத்தின் பின்னர் ஆப்பிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள், அமெரிக்கக் கறுப்பு மக்கள், ஐரோப்பா எனப் பல நாட்டு இலக்கியங்கள் மாணவர் பார்வைக்கு வந்தன.

விளைவுகள்

விஞ்ஞாபனம் நெடிய வாதத்துக்கு இடமாயிற்று. முடிவில் ஆங்கில இலாகா இருந்தவிடத்தில் ‘இலக்கிய இலாகா’ தோன்றிற்று; மொழிகளை ஆராய்தற்கு மொழியியல், ஆப்பிரிக்க மொழிகள் இலாகா தனியே அமைந்தது. பெயரில் ‘ஆங்கில’ என்னும் ஒரு சொல் நீங்கியது சிறிய காரியமாகத் தோன்றலாம். எந்நாட்டு இலக்கியமும் வெறும் ‘இலக்கியம்’ என்னும் பொதுப்பெயரின்கீழ்ச் சமமாக நிற்கும் உரிமை அதனால் உண்டாயிற்று.

கூகி 1969-ஆம் ஆண்டிற் கல்விச் சுதந்திரத்தின் பொருட்டுப் பதவி துறந்து, பின்னர்த் திரும்பிவந்து அவ்விலாகாவின் தலைவராயினார். உகாண்டா நாட்டுக் கவிஞர் ஒகோட் பிபிடெக்கும் நைரோபியில் ஆசிரியராயிருந்தார். படித்துவிட்டு வந்த கணவன் தன் இனத்தையும் தன் மனைவியையும் இகழ்கின்றானே என்று ஒரு கிராமத்துப் பெண் புலம்புவதாக அவர் அச்சோலி மொழியில் இயற்றிய நெடும்பாட்டு 1966-ஆம் ஆண்டில் ஆங்கில வடிவில் வெளிவந்து பெரும்புகழ் எய்தியிருந்தது. பெண்கள் பக்கமும் கதவு சிறிது திறந்தது. மிசெரே முகோ என்னும் அம்மையார் அவ்விலாகாவில் ஆசிரியையாய்ச் சேர்ந்து, 1980-ஆம் ஆண்டிற் கலைப்பிரிவின் தலைவியாகத் தெரிந்தெடுக்கப்பட்டார்.

சர்வகலாசாலையில் எழுந்த அலை பள்ளிகளையும் அடைந்தது. பள்ளிகளில் இலக்கியம் கற்பிக்கும் முறையைப் பற்றி 1974-ஆம் ஆண்டிலே நைரோபியில் ஆசிரியர் மகாநாடு கூடி ஆராய்ந்தது. பின்னர்க் கென்யாவின் உயர்நிலைப்பள்ளிப் பாடத்தில் வாய்மொழி இலக்கியமும் இடம்பெற்றது.

இவ்வளவும் நன்மையே. ஆயினும் குறையைக் கூறாது விடுதல் சரித்திரம் எழுதுவோர்க்கு அழகன்று. பாடநூல் மாறிற்று, பாடம் நடத்திய மொழி ஆங்கிலமாகவே இருந்தது. இதனைக் கூகியே முதலில் உணர்ந்தார். 1977-ஆம் ஆண்டில் தம் ஊரையடுத்த கமிரீத்து என்னும் கிராமத்திலே, உழவரும் கூலியாட்களும் தாமே நடிக்கும்படி, கிக்குயு மொழியில் ஒரு நாடகத்தை நண்பர் ஒருவரோடு சேர்ந்து எழுதி அரங்கேற்றினார். ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல்களைப் பொறுத்துக்கொண்டிருந்த அரசாங்கம் இதனைப் பொறுக்கவில்லை. நாடகம் தடைப்பட்டது; அவ்வாண்டின் இறுதியில் கூகி விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டார். சிறையில், மலசல கூடத்துக்கென்று தந்த காகிதத்திலே கிக்குயு மொழியில் ஒரு நாவல் எழுதினார். 1978 டிசம்பரில் விடுதலையாகியும் சர்வகலாசாலை அவருக்குப் பதவியைத் திருப்பித் தரவில்லை. 1982-ஆம் ஆண்டில் அவரும் மிசெரே முகோ அம்மையாரும் நாட்டைப் பிரிந்து வாழும்படி நேர்ந்தது. அம்மையார் 2023-ஆம் ஆண்டிலும், கூகி 2025-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாளும் அமெரிக்க நாட்டிற் காலமானார்கள். பாடநூல் வரிசை என்பது ஏதோ ஆசிரியர் அறைக்குள் முடியும் காரியமென்று எண்ணுவோர், இவ்விருவர் கொடுத்த விலையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பின்வந்த நிகழ்ச்சிகள்

நைரோபியில் எழுந்த வினா அங்கேயே அடங்கிவிடவில்லை. தென்னாப்பிரிக்காவிலே கேப் டவுன் சர்வகலாசாலையில் 1996-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க ஆராய்ச்சிப் பேராசிரியராய் அமர்ந்த மஹ்மூத் மம்தானி என்பவர், உகாண்டாவில் வளர்ந்த இந்திய வழியினர். முதலாண்டு மாணவர்க்கு ஆப்பிரிக்காவைப் பற்றிய பாடத்தில் ஆப்பிரிக்க அறிஞர்களின் நூல்களும் இருத்தல் வேண்டுமென்று அவர் வாதாடினார். ஏனைய ஆசிரியர் இணங்காமையால் பெருஞ் சச்சரவு விளைந்து, 1999-ஆம் ஆண்டில் அவர் அச்சர்வகலாசாலையை விட்டகன்றார். 2015-ஆம் ஆண்டில் அதே சர்வகலாசாலையின் மாணவர்கள், அங்கு நின்ற செசில் ரோட்ஸ் சிலையை அகற்றுமாறு கிளர்ச்சி செய்தபோது, பாடத்திட்டத்தையும் மாற்றவேண்டுமென்று சேர்த்தே கேட்டனர். ஏப்ரல் மாதம் 9-ஆம் நாள் சிலை அகற்றப்பட்டது. சிலையை அகற்ற ஒரு நாள் போதும். பாடத்தைத் திருத்த ஒரு தலைமுறை வேண்டும்.

நம் நாட்டிலும் இவ்வினா உயிரோடிருக்கிறது. டில்லிச் சர்வகலாசாலையின் ஆங்கிலப் பட்டப்படிப்பில், பெண்கள் எழுத்து என்னும் பாடத்தின்கீழ், தமிழ் எழுத்தாளராகிய பாமா, சுகிர்தராணி ஆகியோரின் ஆக்கங்களும் வங்காள எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் சிறுகதை ஒன்றும் இடம்பெற்றிருந்தன. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவை நீக்கப்பட்டன. கல்விக்குழுவின் உறுப்பினர் சிலர் உடன்படாது எழுத்துமூலம் மறுப்புத் தெரிவித்தும் பயனில்லை. பாமாவும் சுகிர்தராணியும் தலித் பெண்களின் வாழ்வை உள்ளிருந்து எழுதியவர்கள். அவர்கள் நூல் பாடத்தில் ஏறுதற்குப் பல்லாண்டு சென்றது. இறங்குதற்கு ஒரு கூட்டம் போதுமாயிருந்தது.

நமக்குரிய படிப்பினை

இவ்வரலாற்றிலிருந்து நம்மவர் கொள்ளத்தக்கவை யாவை?

தொடக்கத்திற் குறிப்பிட்ட கோரிக்கையை இப்பொழுது எடுத்துக்கொள்வோம். நம் குலத்துப் பெரியோர் சரித்திரம் பாடநூலில் ஏறவேண்டும் என்கின்றனர். நைரோபி மூவரும் ஓரினத்தவரல்லர். ஒருவர் கிக்குயு, ஒருவர் லுவோ, ஒருவர் எல்லைக்கப்பாலிருந்து வந்தவர். அவருள் எவரும் தம் இனத்துத் தலைவன் கதைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள் என்று கேட்கவில்லை. தம் மண்ணில் வாழும் எல்லா மக்களின் பாட்டும் கதையும் நடுவிடத்தில் வருக என்றே கேட்டனர். அதனாலேயே அவர்கள் கோரிக்கைக்கு வலிமை உண்டாயிற்று. ஒவ்வொரு குலத்தாரும் தத்தம் பெருமைக்கு ஒவ்வொரு பக்கம் கேட்டு வாங்கினால், பாடநூல் விளம்பரப் பலகையாகுமேயன்றிக் கல்வியாகாது. ஆள்பலமும் பொருட்பலமும் உடையவர்க்கே அதில் இடம் கிடைக்கும். அவையில்லாதார் முன்போலவே வெளியில் நிற்பர்.

ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. நம் பிள்ளைகள் கற்கும் நூல்வரிசையில் யார் இல்லை? நாம் இல்லையென்பது உடனே கண்ணுக்குத் தெரியும். நமக்குக் கீழென்று நாம் வைத்தவர்கள் இல்லையென்பது தெரிகின்றதா? நம் வயலில் நாற்று நட்ட பெண்ணின் பாட்டு, நம் வீட்டுச் சாவுக்குப் பறை முழக்கியவன் அறிந்த தாளம், நம் தெருவுக்குள் வரக்கூடாதென்று நம் முன்னோர் தடுத்தவர்களின் கதை ஆகியவை இல்லாத சரித்திரம் நம் சரித்திரமாகவும் ஆகாது. டில்லியில் இரு தமிழ்ப் பெண்களின் எழுத்து நீக்கப்பட்டபோது நம் போன்ற சங்கங்களுள் எத்தனை அதனைத் தம் குறையாகக் கருதின என்பதை அவரவர் நெஞ்சையே கேட்டறிக. நமக்கு நியாயம் வேண்டுமென்று கேட்கும் வாய், பிறர்க்கும் அதனைக் கேட்டாலன்றி அக்குரலுக்கு மதிப்பில்லை.

இரண்டாவது படிப்பினை, தொகுத்தலின் அவசியம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887-ஆம் ஆண்டிலும் புறநானூற்றை 1894-ஆம் ஆண்டிலும் பதிப்பித்துத் தந்திராவிடில், எந்தச் சர்வகலாசாலை எவ்வளவு நல்லெண்ணத்தோடும் அவற்றைப் பாடமாக்கியிருக்க முடியும்? ஏட்டிலிருந்தது அவ்வாறு அச்சேறிப் பிழைத்தது. ஏட்டிலும் ஏறாதது மனிதரோடு மடியும். நம் குடும்பங்களில் எண்பதும் தொண்ணூறும் கடந்த பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்கள் பாடும் தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு, அவர்கள் சொல்லும் பஞ்சக் கதை, கப்பலேறிப் போனவர் கதை ஆகியவை எந்தப் புத்தகசாலையிலும் இல்லை. கையிலுள்ள தொலைபேசியிலேயே குரலைப் பதிவு செய்யும் வசதி இக்காலத்திற் சிறுபிள்ளைக்கும் உண்டு. விடுமுறைக்கு வரும் கலாசாலை மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒருவரையும், தம் வீட்டார் பேசிப் பழகாத தெருவில் ஒருவரையும் கேட்டு எழுதிவருவாராயின், சில ஆண்டுகளில் ஓர் ஊரின் முழுச் சரித்திரமும் கைக்கு வந்துவிடும். கேட்டவரின் பெயரோடு சொன்னவரின் பெயரையும் எழுதுதல் மறவாமை வேண்டும். அத்தொகுதிகளை எக்குலத்தவர் கதையென்று பாராது காத்துவைத்து, ஆராய்வோர் யாவர்க்கும் அளிப்பது நம் சங்கத்துக்கு ஏற்ற பணியாகும்.

மூன்றாவது, பெற்றோர் கடமை. பிள்ளை கலாசாலைப் பாடத்திட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் அன்று அதனை வாங்கிப் பார்மின். அதிலுள்ள நூல்கள் யார் எழுதியவை, எந்த நாட்டைப் பற்றியவை, பெண்கள் எழுதியவை எத்தனை, உழைப்பவர் வாழ்வைக் கூறுபவை எத்தனை என்று பிள்ளையையே கேண்மின். விடை தெரியாத பெற்றோரும் கேள்வி கேட்கலாம். அக்கேள்வி பிள்ளை வாயிலாக வகுப்பறைக்குச் செல்லும். வகுப்பறையிலிருந்து சபைக்குச் செல்லும். நைரோபியிலும் அது ஒரு கேள்வியாகவே தொடங்கிற்று.

முடிவுரை

கிழக்கு ஆப்பிரிக்க இந்தியர் தம் பொருளைக் கொடுத்து எழுப்பிய கலாசாலையில், அந்நாட்டு மக்கள் தம் அறிவைக் கொடுத்து நடுவிடத்தை மீட்டனர். கட்டடம் எழுப்புதல் முதற்பணி; அதனுள் எல்லார்க்கும் இருக்கை உண்டாக்குதல் இரண்டாவது பணி. முதற்பணியை நம் முன்னோர் நம் பொருட்டுச் செய்தனர். இரண்டாவது பணி நம்முடையது. அதனை நம் குலத்துக்கு மாத்திரம் செய்வோமாயின் பாதியே செய்தவராவோம். நம் வாயிலுக்கு வெளியே நின்றவரையும் அழைத்துச் செய்வோமாயின் அதனை நிறைவுறச் செய்தவராவோம்.